தாமாருக்குச் சொன்ன அறிவுரை



தவக்காலத்தின் 5-ஆம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் சூசன்னாவின் வரலாற்றைக் கேட்கிறோம். ஆனால் 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் உள்ள தாமாரின் வரலாறு ஞாயிறு திருப்பலிகளில் வாசிக்கப்படுவதில்லை. ஆகவே நம்மில் பலருக்கு அது தெரியாது.

தாவீது அரசரின் மகள் தாமார். அவளை அவளுடைய மாற்றாந்தாயின் மகன் அம்னோன் நோயாளிபோல் நடித்து அழைத்துக் கெடுத்தான். "வேண்டாம்" என்று அவள் மன்றாடியது வீணாயிற்று. அதன்பின் அவள் ஒளிந்துகொள்ளவில்லை. தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, ஆடையைக் கிழித்துக்கொண்டு, உரக்க அழுதுகொண்டே சென்றாள். அவளை வாயடைக்கச் செய்தவன் அவளை நேசித்த உடன்பிறந்த அண்ணன் அப்சலோம். அவன் உன் சகோதரன்தானே, பேசாமல் இரு என்றான். தந்தை தாவீது கடுங்கோபம் கொண்டார். ஆனால் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் மூடிவைத்த அந்தக் காயம் கொலையில் முடிந்தது.

இன்றும் அதே அறிவுரைதான்

"வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும், நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள்?" இது நம் வீடுகளில் கேட்கும் குரல். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகளுக்கு நேர்ந்ததை என்னிடம் சொல்லி அழுதபோது, "பொறுமையாயிருங்கள், செபியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அப்சலோமின் வார்த்தையைத்தான் நானும் சொன்னேன் என்பது பின்னரே எனக்கு உறைத்தது. குற்றம் செய்தவனுக்கு இல்லாத வெட்கத்தைக் காயப்பட்டவள் தலையில் ஏற்றுவது எப்படி நீதியாகும்?

தானியேலைப் போல் எழுந்தவர்கள்

1972-இல் மகாராட்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஏழைப் பழங்குடிச் சிறுமி ஒருத்தி இரு காவலர்களால் சீரழிக்கப்பட்டாள். அவள் உடலில் காயம் இல்லை, ஆகவே அவள் எதிர்க்கவில்லை என்று கூறி 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். பயந்து பணிவது சம்மதம் ஆகுமா என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். சூசன்னாவைக் கொலைக்கு இழுத்துச் சென்ற கூட்டத்தை இளைஞன் தானியேல் தடுத்து நிறுத்தியதுபோல், அந்த மடல் நாட்டைச் சற்று நிறுத்தியது. 1980-இல் பெண்கள் பல நகரங்களில் தெருவில் இறங்கினர். தீர்ப்பு மாறவில்லை, சட்டம் மாறியது.

1983-இல் காவலில் நடக்கும் வன்கொடுமைக்குத் தனிப் பிரிவு வந்தது. அத்தகைய வழக்கில் உறவு நடந்தது மெய்ப்பிக்கப்பட்டு, பெண் 'நான் சம்மதிக்கவில்லை' என்று சாட்சி சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும். அவள் பெயரை வெளியிடுவதும் குற்றமாயிற்று. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப்பின், நீதிபதி வர்மா குழு 29 நாள்களில் அறிக்கை தந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் என்று கொள்ளக்கூடாது எனத் தெளிவாக எழுதியது. அந்தச் சிறுமிக்கு மறுக்கப்பட்ட நீதி சட்டமாக வர 35 ஆண்டுகள் ஆயின. பெண்ணை இழிவுபடுத்தும் 'இரு விரல் சோதனை' செய்வது முறைகேடு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

நம் தமிழகத்தில் தருமபுரி மாவட்ட வாச்சாத்தி மலைக்கிராமத்தை மறக்க முடியுமா? 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடி வந்த அரசு ஊழியர்களால் 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அந்த மக்கள் வாய் திறந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் போன்ற அமைப்புகள் அவர்களோடு நின்றன. 2011-இல் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

திருச்சபையும் விதிவிலக்கல்ல

நம் திருச்சபையின் உள்ளேயும் சிறார்களும் பெண்களும் காயப்பட்டார்கள். பெயரைக் காப்பாற்ற உண்மை மூடப்பட்டது. இதை நாம் தாழ்மையோடு ஏற்க வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்டு 2023-இல் புதுப்பித்த 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' என்னும் சட்டம், மறைமாவட்டங்களில் புகார் பெறும் அமைப்பு இருக்கவேண்டும் என்கிறது. புகார் கொடுப்பவரிடம் வாய்மூடி இருக்கும்படி கட்டளையிடக்கூடாது என்றும் கூறுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் கேளுங்கள், நம்புங்கள். "ஏன் அங்கே போனாய்? என்ன உடுத்தியிருந்தாய்?" என்று கேட்காதீர்கள்.

2. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம்.

3. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக்கூடாது.

4. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் எனில், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும். பங்கில், பள்ளியில் "பேசித் தீர்த்துக்கொள்ள" நமக்கு உரிமை இல்லை. சிறுவர்களுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்களில் உதவி கிடைக்கும்.

5. அவர்கள் பெயரையோ படத்தையோ எங்கும் பரப்பாதீர்கள்.

அன்பார்ந்தவர்களே, பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் துன்புற்ற பெண், ஊரார் முன் அஞ்சி நடுங்கி நின்றபோது, நம் ஆண்டவர் அவளை அடக்கவில்லை. அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பின் "மகளே" என்று அழைத்தார். நம் பங்கிலும் ஒரு தாமார் இருக்கலாம். அவள் அழுதுகொண்டு நம் கதவைத் தட்டும் நாளில், நாம் அப்சலோமாக இருக்கப்போகிறோமா, ஆண்டவரின் சீடராக இருக்கப்போகிறோமா? இதைச் செபத்தில் சிந்திப்போம். இறையருள் நம் அனைவரோடும் இருப்பதாக.