உடுக்கை இடையும் முப்பது மீட்டரும்

ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் உலகக் கோப்பைப் பனிச்சறுக்கில் 86 பந்தயங்களை வென்றவர். அதில் 46 வெற்றிகள், கொடிவாயில்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தில் வந்தவை. 1970-களிலும் 80-களிலும் அவர் காலில் மாட்டியிருந்தது அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய ஸ்லோவேனியாவில், தயாரான எலான் ஸ்கீ. அந்தக் காலத்து ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீ இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். இன்றைய இளம் வீரர் அதைக் கையில் வாங்கினால் நீளத்தைவிட அகலத்தைப் பார்த்துத்தான் வியப்பார். நுனி முதல் வால் வரை அகலம் பெரிதாக மாறாது.

ஸ்கீயின் முழுக் கதையும் அந்த அகலத்தில்தான் இருக்கிறது. இன்றைய ஸ்கீ உடுக்கை போல நடுவில் ஒடுங்கி, இரு முனைகளிலும் விரிந்திருக்கும். அந்தப் பக்கவாட்டு வளைவை ஒரு முழு வட்டமாக நீட்டினால் கிடைக்கும் ஆரத்தைத்தான் மீட்டர் கணக்கில் ஸ்கீயின் மேல் அச்சிடுகிறார்கள். இடை ஒடுங்க ஒடுங்க ஆரம் குறையும்; திருப்பமும் நெருக்கமாகும். ஸ்டென்மார்க் காலத்து ஸ்கீக்கு இந்த எண் நாற்பதைத் தாண்டும்.

ஜயன்ட் ஸ்லாலம் பாதையில் ஒரு கொடிவாயிலுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 25 மீட்டர்தான் இருக்கும். நாற்பது மீட்டர் ஆரமுள்ள ஸ்கீ, தன்போக்கில் விட்டால், அந்த வாயில்களைப் பிடிக்காது. அதனால் அன்றைய வீரர் உடலை மேலே எழுப்பி எடையைக் குறைத்து, ஸ்கீயைத் திருப்பி, கொஞ்சம் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, அதன் பிறகே விளிம்பைப் பனியில் ஊன்றினார். அப்படிச் சறுக்கிய நேரமெல்லாம் வேகம் கரைந்தது. குறைவாகச் சறுக்கியவர் வென்றார்.

மாற்றமும் அதே எலான் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபிச் என்ற இரு பொறியாளர்கள் இடையை வெகுவாக ஒடுக்கிப் பார்த்தார்கள். 1993-இல் வந்த எஸ்.சி.எக்ஸ். ஸ்கீ 203 செ.மீ. நீளம், ஆரமோ வெறும் 15 மீட்டர். சாய்த்தாலே திரும்பும் ஸ்கீயைப் பந்தயக்காரர்கள் உடனே நம்பிவிடவில்லை. 1996-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சுகர்லோஃப் மலையில் நடந்த இளையோர் போட்டியில், 18 வயது போடே மில்லர், கடையில் பொதுமக்களுக்கு விற்ற, இடை ஒடுங்கிய கே2 ஃபோர் ஸ்கீயோடு இறங்கி முதலிடங்களை அள்ளினார். அதற்குப் பிறகு நேரான ஸ்கீக்குப் பந்தயத்தில் இடமில்லாமல் போயிற்று.

வேகம் கூடியதோடு முழங்கால்களும் கிழியத் தொடங்கின. இடை ஒடுங்கிய ஸ்கீ, பிடி நழுவி மீண்டும் பனியைக் கவ்வும்போது, காலை வெடுக்கென்று உள்நோக்கி முறுக்கும். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்துபோக அந்த ஒரு கணம் போதும். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு படிப்படியாகக் குறுக்கிட்டது. ஜயன்ட் ஸ்லாலத்தின் குறைந்தபட்ச ஆரம் முதலில் 21 மீட்டர். 2007-08 பருவத்தில் ஆண்களுக்கு 27, பெண்களுக்கு 23. 2012-13-இல் ஆண்களுக்கு ஒரேயடியாக 35, பெண்களுக்கு 30.

2011-இல் இந்த அறிவிப்பு வந்ததும் வீரர்கள் கொதித்துப்போனார்கள். விளையாட்டைப் பின்னோக்கி இழுக்கிறார்கள் என்று காட்டமாகவே எழுதினார் அமெரிக்காவின் டெட் லிகெட்டி. ஆனால் புதிய ஸ்கீயை எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவரும் அவரே. 2012 அக்டோபரில், ஆஸ்திரியாவின் ஸோல்டனில் நடந்த பருவத்தின் முதல் பந்தயத்தில், இரண்டாம் இடக்காரரைவிட 2.75 வினாடி முன்னால் வந்தார். நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கம் கைமாறும் விளையாட்டு இது. மற்றவர்கள் நீண்ட ஸ்கீயைப் பழையபடி சறுக்கித் திருப்பப் பார்த்தார்கள். லிகெட்டியோ திருப்பத்தை முன்கூட்டியே தொடங்கி, இடுப்பு பனியை உரசுமளவு சாய்ந்து, ஸ்கீயை வில்லாக வளைத்தார். 2014 சோச்சி ஒலிம்பிக்கிலும் இதே பந்தயத்தில் தங்கம் அவருக்குத்தான்.

35 மீட்டரும் நிலைக்கவில்லை. முதுகு தாங்கவில்லை என்ற புகார்கள் குவிந்தன. 2017-18 முதல் ஆண்களுக்கு 193 செ.மீ. நீளம், 30 மீட்டர் ஆரம் என்று குறைத்தார்கள். பெண்களுக்கு 188 செ.மீ., அதே 30 மீட்டர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 45-ஆம் இடம் பிடித்த காஷ்மீரின் ஆரிஃப் கானும் இந்த விதிக்கு உட்பட்டுத்தான் இறங்கினார்.

அன்று ஆரத்தைத் தீர்மானித்தது தொழிற்சாலை. இன்று உச்ச மட்டத்தில் அதைத் தீர்மானிப்பது விதிப்புத்தகம். தேர்வு செய்யும் உரிமை மிஞ்சியிருப்பது சர்வதேச விதி கட்டுப்படுத்தாத கிளப் பந்தயக்காரருக்கும் மூத்தோர் பிரிவுக்காரருக்கும் மட்டும். கடையில் 18 மீட்டரும் உண்டு, 23-உம் 25-உம் உண்டு, 30-உம் உண்டு. சாம்பியனின் காலில் இருப்பதையே வாங்க ஆசை வரும். வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஸ்கீயைச் சாய்க்கும்போது அது பனியில் வரையும் வளைவு, அச்சிட்ட ஆரத்தைவிடச் சிறியது. சாய்வுக் கோணத்தின் கொசைனால் ஆரத்தைப் பெருக்கினால் அந்த அளவு தெரியும். 30 மீட்டர் ஸ்கீயை 60 பாகை சாய்த்தால் 15 மீட்டர் வளைவு. 21 மீட்டர் ஸ்கீயை 45 பாகை சாய்த்தாலும் கிட்டத்தட்ட அதே 15 மீட்டர்தான். ஆனால் 15 மீட்டர் வளைவில் 60 பாகை சாய்ந்தும் விழாமல் நிற்க மணிக்கு ஏறத்தாழ 57 கி.மீ. வேகம் வேண்டும், 45 பாகைக்கு 44 கி.மீ. போதும். அந்த வேகம் இல்லாதவர் அவ்வளவு சாய முடியாது. சாயாத 30 மீட்டர் ஸ்கீ, ஸ்டென்மார்க் காலத்து ஸ்கீயைப் போலச் சறுக்கத்தான் செய்யும்.

மறுபக்கத் தவறும் உண்டு. 18 மீட்டர் ஸ்கீயோடு வாயில்கள் அகலமாக நட்ட வேகப் பாதையில் இறங்கினால், அது தேவைக்கு முன்பே திரும்பி வாயிலுக்கு உள்ளே இழுக்கும். அதைத் தடுக்க ஸ்கீயைத் தட்டையாக்கியே கீழே வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்கீயோடு இப்படிப் போராடினால் ஆரம் போதவில்லை என்று பொருள். வாயிலைத் தாண்டிய பிறகும் திருப்பம் முடியாமல் வால் வழுக்கிக்கொண்டே இருந்தால் ஆரம் அதிகம், அல்லது அந்த ஸ்கீயை வளைக்க உங்கள் எடையும் வேகமும் போதவில்லை.

ஆகவே உங்கள் பாதையில் வாயில்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன, அதில் உண்மையில் என்ன வேகத்தில் இறங்குகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். அந்த வேகத்தில் நீங்கள் வளைக்கக்கூடிய மிகப் பெரிய ஆரம் எதுவோ, அதுவே உங்களுக்குச் சரியான ஸ்கீ. பெரும்பாலான கிளப் வீரர்களுக்கு அது 30 அல்ல, இருபதுகளில்தான் வரும்.