மின்சார ஸ்கூட்டரைப் படகில் ஏத்துறது அவ்வளவு சுலபமா? பழவேற்காடு தீவுகளிலிருந்து ஒரு எடைக் கணக்கு

திருவள்ளூர் மாவட்டம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிறது பசியாவரம். இதையும் இடமணி, ரகமத் நகர், சாத்தாங்குப்பம் போன்ற பக்கத்து ஊர்களையும் சேர்ந்த மக்களுக்கு நெடுங்காலமாகப் படகுதான் சாலையாக இருந்தது. மேல்படிப்பு, மருத்துவமனை, சந்தை என எதற்குப் போனாலும் ஏரியைக் கடக்க வேண்டும். பாலம் வேண்டும் என்று பல வருஷம் கேட்ட பிறகுதான் அதற்கான வேலையே தொடங்கியது.

பாலம் இல்லாத இப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு பைக் போக வேண்டுமென்றால், அதையும் படகில்தான் ஏற்றியாக வேண்டும். டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி வண்டி என்றால் எடை 90 கிலோவுக்குள்தான். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், "தூக்கு"ன்னு ஒரு சத்தம், வண்டி உள்ளே. மின்சார ஸ்கூட்டரையும் அதே மாதிரி ஏத்திடலாம்னு நினைத்தால் அங்கேதான் சிக்கல்.

எடை எவ்வளவு, எங்கே இருக்கிறது?

சந்தையில் பரவலாக விற்கும் மின்சார ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய 110 முதல் 135 கிலோ வரை இருக்கின்றன. ஏத்தர் 450எக்ஸ் சுமார் 111 கிலோ. ஹோண்டா ஆக்டிவாவும் 105 கிலோவைத் தாண்டும். ஆக, தராசில் வைத்தால் பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் சில மின்சார ஸ்கூட்டர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் ஏன் இது கனமாகத் தெரிகிறது?

வித்தியாசம் எடை உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் பேட்டரி கால் வைக்கும் தளத்துக்கு அடியில் இருக்கும். டிவிஎஸ் ஐக்யூப் போன்ற வண்டிகளில் மோட்டாரே பின்சக்கரத்துக்குள் இருக்கிறது. அதனால் முன்பக்கம் பிடிப்பவருக்கு லேசாகவும், பின்பக்கம் பிடிப்பவருக்குப் பாறை மாதிரியும் இருக்கும். அதோடு, சுற்றிலும் பிளாஸ்டிக் மூடி. அதைப் பிடித்துத் தூக்கினால் மூடி கையோடு வரும், வண்டி வராது.

உடம்பும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (நியோஷ்), எல்லாச் சூழலும் சரியாக இருந்தால்கூட ஒருவர் தூக்குவதற்கு 23 கிலோவைத்தான் வரம்பாக வைத்துக் கணக்கிடுகிறது. முழங்கால் அளவு தண்ணீரில், சேற்றில் நின்றுகொண்டு, ஆடும் படகுக்குள் தூக்குவது அந்தச் "சரியான சூழல்" கிடையாது. நாலு பேர் சேர்ந்து 120 கிலோ வண்டியைத் தூக்கினாலும் ஆளுக்கு 30 கிலோ.

தூக்காதே, தள்ளு

இதற்கு வழி ஒரு நல்ல பலகை. படகின் விளிம்பு தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் நீளப் பலகையைச் சாய்த்துப் போட்டால், 120 கிலோ வண்டியைத் தள்ள வேண்டிய விசை சுமார் 24 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். உராய்வுக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பலகை ஒன்றரை மீட்டராக இருந்தால் அதே வேலை இரண்டு மடங்கு கஷ்டம். பலகையின் மேல் முனையைப் படகோடு கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஏறும்போது படகு பின்னால் நகரும், பலகை வழுக்கும். நடுவில் நிற்பவர் கால்தான் மாட்டும்.

இன்னொரு ஆபத்து சத்தமே இல்லாதது. பெட்ரோல் வண்டி ஓடினால் காதுக்குத் தெரியும். மின்சார வண்டி ஆனில் இருந்தாலும் அமைதியாகத்தான் நிற்கும். தள்ளுபவர் கை தெரியாமல் ஆக்சிலேட்டரைத் திருகினால், மோட்டார் அந்த நொடியே முழு இழுவையையும் கொடுக்கும். சாவியை அணைத்துவிட்டுத் தள்ளுவதுதான் பாதுகாப்பு. ஹீரோ விடா வி1 மாதிரி பேட்டரியைக் கழற்ற முடிகிற வண்டி என்றால், முதலில் அதைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

படகுக்குள் எங்கே நிறுத்துவது?

120 கிலோ என்பது இரண்டு ஆட்களின் எடைதான், படகு தாங்காதா என்று கேட்கலாம். தாங்கும். ஆனால் படகு ஒரு பக்கம் சாய்ந்தால் ஆட்கள் தானாகவே மறுபக்கம் நகர்வார்கள். வண்டி நகராது. நகர்ந்தால், சாய்ந்த பக்கமே நகரும். அதனால் வண்டியைப் படகின் நீளவாக்கில், சரியாக நடுவில், இரண்டு சக்கரமும் தரையில் படும்படி நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, பிரேக்கையும் இறுக்கிக் கட்ட வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் மட்டும் போட்டு விட்டால் ஒரு அலைக்கே சாய்ந்துவிடும்.

இந்த ஏரிக்கு எடையும் ஆள்கணக்கும் எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். வண்டி ஏற்றிய படகில் ஆட்களையும் நிறைத்துக்கொண்டு போவது, நேரம் மிச்சம் என்று தோன்றினாலும், செய்யக் கூடாத காரியம்.

காரின் பின்னால் மாட்டினால்?

இதே கணக்கு காருக்கும் பொருந்தும். மின்சார சைக்கிளைக் காரின் பின்னால் ரேக் வைத்து மாட்டிக்கொண்டு போகும் பழக்கம் வெளிநாடுகளில் அதிகம், இங்கேயும் ஆங்காங்கே பார்க்கலாம். சாதாரண சைக்கிள் 12 முதல் 15 கிலோ. பேட்டரி, மோட்டார் சேர்ந்ததும் 20 முதல் 30 கிலோ ஆகிவிடும். இரண்டு 25 கிலோ சைக்கிள், 18 கிலோ ரேக் என்றால் மொத்தம் 68 கிலோ. ஐரோப்பிய கார்கள் பலவற்றில் பின்கொக்கி தாங்கும் செங்குத்து எடையே 75 கிலோ அளவில்தான். பாரம் காரை விட்டுத் தள்ளி இருப்பதால் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி குறையும். டிக்கியில் பெல்ட் போட்டுத் தொங்கவிடும் ரேக்குகள் இந்த எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. சக்கரம் உட்காரும் தட்டு வகை ரேக்தான் சரி. கனமான சைக்கிள் காரை ஒட்டி உள்பக்கம், பேட்டரி காருக்குள். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது.

உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டால்?

"ஐபி67 இருக்கே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வார்கள். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் அந்தத் தரத்தின் பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. பழவேற்காடு உவர்நீர் ஏரி. உப்பு நீர் பேட்டரிக்குள் புகுந்தால், தண்ணீர் காய்ந்த பிறகும் உள்ளே தங்கும் உப்பு ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கும். 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சார வாகனங்கள் சில, நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன.

தண்ணீரில் விழுந்த வண்டியை வெயிலில் காயவைத்து, "எடுக்குதா பார்க்கலாம்"னு சார்ஜ் போடவே கூடாது. வீட்டையும் கூரையையும் விட்டுத் தள்ளித் திறந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிட வேண்டும். விழாமல் வெறும் சாரல் பட்டிருந்தால், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சார்ஜ் செருகும் இடம் முழுசாக உலர்ந்த பிறகு இணைத்தால் போதும்.