பெரிய கை எனும் ஆசை

சூதாட்டம் குடும்பங்களை எவ்வாறு சீரழிக்கின்றது என்பதை எமது வாசகியருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சமூகப் பணியில் நான் சந்திக்கும் மனைவியர் பலரின் முறைப்பாட்டில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: “ஒருக்காப் பெரிசா விழுந்தா எல்லாக் கடனும் தீரும் எண்டு சொல்லுறார்.” இந்த ‘ஒருக்கா’ எத்தகையது? யப்பானியரின் மாஜோங் விளையாட்டு இதற்கு நல்ல விளக்கம் தருகின்றது.

சீனாவில் தோன்றிய மாஜோங், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யப்பானுக்குச் சென்றது. நால்வர் ஆடுவர். காய்கள் 136, வகைகள் 34. கையில் 13 காய்களை வைத்து, ஒன்றை எடுத்து ஒன்றைக் கழித்து, மும்மூன்றாக நான்கு கூட்டமும் ஒரு சோடியும் சேர்ப்பவர் வெல்வார். பெரும்பாலான வெற்றிகளுக்கு 8,000 புள்ளிக்கு மேல் கிடைப்பதில்லை.

மிக அரிய கைகள் சில உண்டு. அவற்றை ‘யாக்குமான்’ என்பர். அவற்றுக்கு 32,000 புள்ளிகள். அச்சுற்றின் தலைமை ஆட்டக்காரருக்கு 48,000. தொடக்கத்தில் ஒருவரிடம் இருப்பதோ வழமையாக 25,000 தான். முதலில் பகிரப்பட்ட காய்களிலேயே தலைமை ஆட்டக்காரரின் கை நிறைந்துவிடுவது ‘தென்ஹோ’, அதாவது வானம் தந்த வெற்றி. ஏறத்தாழ 330,000 தடவைக்கு ஒன்றே அவ்வாறு அமையும்.

‘கொக்குஷி முசோ’ என்ற கை இன்னும் சுவையானது. ஒன்று, ஒன்பது ஆகிய ஓர எண்கள், நான்கு காற்றுகள், மூன்று டிராகன்கள் என, மற்றவர்கள் பெரும்பாலும் முதலில் கழித்துவிடும் 13 வகைகளையும் சேர்க்க வேண்டும்; அவற்றுள் ஒன்று சோடியாக வேண்டும். ஆங்கிலத்தில் இதனைப் ‘பதின்மூன்று அநாதைகள்’ என்பர். ஒதுக்கப்பட்டவை ஒன்றுசேர்ந்தால் உயர்வு என்று மேடையில் பேச ஏற்ற உதாரணம்தான்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஒரு வகை வராது போனாலும் கிடைப்பது பூச்சியம். தேவையான வகையின் நான்கு காய்களும் மேசையில் விழுந்துவிட்டால் அந்தக் கை முடிந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் அக்கணமே அதைக் கைவிடுவார். சூதாடியால் முடியாதது இதுவே.

இன்னொரு விதியும் கவனிக்கத்தக்கது. ஒருவர் இரு டிராகன் கூட்டங்களை மேசையில் விரித்திருக்க, தெரிந்தும் மூன்றாவதற்குக் காய் கொடுத்தவர் அதன் நட்டத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். சூதாடிக்கு மேலும் மேலும் கடன் கொடுக்கும் வட்டிக்காரருக்கும் இப்படியொரு விதி இருந்தால் எத்தனை வீடுகள் தப்பியிருக்கும்!

யப்பானியச் சட்டத்தில் சூதாட்டம் குற்றமாயினும், மாஜோங் நெடுங்காலமாகப் பந்தயத்தோடு பிணைந்திருந்தது. அதற்கு மாற்றாக எழுந்ததே ‘ஆரோக்கிய மாஜோங்’. பந்தயம் இல்லை, மது இல்லை, புகை இல்லை என்பதே அதன் கொள்கை. முதியவர்கள், அவர்களுள் பெண்களும் பலர், மூளைக்குப் பயிற்சியாகவும் பேச்சுத் துணைக்காகவும் ஆடுகின்றனர். 2018இல் தொடங்கிய தொழில்முறைப் போட்டியான எம் லீக்கும் சூதாட்டத்தை விலக்கியது. அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே மேசையில் மோதுகின்றனர்.

பணத்தை நீக்கினாலும் அரிய கை அரியதே. அது தரும் மகிழ்ச்சியும் குறைவதில்லை. குறைவது வீட்டின் கண்ணீர் மட்டுமே. கரமோ தாயமோ, எதுவாயினும் எமது பிள்ளைகளுக்குப் பந்தயமின்றி ஆடப் பழக்குவோம். பெரிய கை எவ்வளவு அரிது என்பதையும் எண்ணிக் காட்டுவோம்.