பட்டுப்புடவையில் நைட் கிளப் பாடகி: யார் இந்த உஷா உதுப்?

'கிளப் சிங்கர்' என்றதும் தமிழ் சினிமா நமக்குக் காட்டிப் பழக்கிய காட்சி ஒன்று இருக்கிறது. மங்கிய வெளிச்சம், பளபளக்கும் உடை, மூலையில் சிகரெட் புகையோடு வில்லன். 1969-ல் சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் மைக் பிடித்த பெண் அந்த டைப்பே இல்லை. உடுத்தியிருந்தது புடவை!

அவர்தான் உஷா உதுப். 1947-ல் மும்பையில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா போலீஸ் அதிகாரி. பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்து உஷாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம், கனமான அந்தக் குரல். பெண் குரல் என்றால் மென்மையாக, உச்ச ஸ்தாயியில்தான் இருக்கணும் என்ற நினைப்பு அப்போது. ஆனால் ஒன்பது வயசிலேயே அமீன் சயானி மூலமாக ரேடியோ சிலோனில் பாடிவிட்டார். இலங்கை வானொலியில் பாடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை தூத்துக்குடி, மாப்பிள்ளையூரணி பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நைன் ஜெம்ஸுக்குப் பிறகு மும்பையின் 'டாக் ஆஃப் தி டவுன்', கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் 'ட்ரிங்காஸ்'. கணவர் ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தது ட்ரிங்காஸில்தான். டெல்லி ஓபராய் ஹோட்டலில் பாடியபோது கேட்டவர்களில் ஒருவர் தேவ் ஆனந்த். அப்படித்தான் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) வாய்ப்பு வந்தது.

அதே காலத்தில் பாரிஸ் இரவுகளை ஆண்டவர் ரெஜின். பாடகி, 1957-ல் சொந்த கிளப் திறந்த முதலாளியும்கூட. உஷா கிளப் எதையும் வாங்கவில்லை. கொல்கத்தாவில் 'வைப்ரேஷன்ஸ்' என்ற ரெக்கார்டிங் ஸ்டூடியோவை நடத்தினார்.

எல்லாம் கைதட்டலாகவே இருந்துவிடவில்லை. 1980-களில் மேற்கு வங்க இடதுசாரி அரசின் அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷா பாடுவது 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீரழிந்த கலாசாரம் என்றார். அரசு அரங்குகளின் கதவு மூடப்பட்டது. மேடைதான் பிழைப்பு என்கிற ஒருவருக்கு இது சின்ன அடி இல்லை. மன்னிப்பு கேட்டு சமாதானமாகப் போயிருக்கலாம். உஷா நேராக கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். பொட்டு, வளையல், காஞ்சிப் பட்டோடு மேடையேறும் ஒருவரைப் பார்த்து கலாசாரத்தைக் கெடுக்கிறார் என்றதுதான் வேடிக்கை.

தமிழில் அவர் பாடியது குறைவுதான். 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்தில் ஓர் ஆங்கிலப் பாட்டு. 'அஞ்சலி'யில் (1990) இளையராஜா இசையில் வேகம் பிடிக்கும் அந்தப் பாட்டை 90'ஸ் கிட்ஸ் மறக்க வாய்ப்பில்லை. குரல் யாருடையது என்று தெரியாமலே பாடித் திரிந்தவர்கள்தான் அதிகம். 'மன்மதன் அம்பு' (2010) படத்தில் நடித்திருப்பதும் அவரே.

2011-ல் பத்மஸ்ரீ. 2024-ல் பத்ம பூஷண். அதே 2024 ஜூலையில் ஜானி காலமானார்.

சஃபையர் வளாகம் இடிக்கப்பட்டு வருஷக்கணக்காகிவிட்டது. ட்ரிங்காஸ் மட்டும் பார்க் ஸ்ட்ரீட்டில் இன்னும் இருக்கிறது, லைவ் மியூசிக்கோடு.