குரலுக்குக் காப்பகம் எங்கே?

புது தில்லி: கீழே விழுந்தால் நொறுங்கிவிடும் பழைய அரக்கு இசைத்தட்டுகளில்தான் இந்திய இசையின் அரை நூற்றாண்டு வரலாறு பதிந்துள்ளது. அவற்றுள் பலவற்றைப் பழைய பொருள் கடைகளில் தேடி மீட்டவர்கள் தனிப்பட்ட சேகரிப்பாளர்களே.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது பதிவு செய்யப்பட்டது. பாடி முடித்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வது அவர் வழக்கம். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தயாராகி வந்தன. 1908-இல்தான் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை அமைந்தது.

தட்டின் நடுவே ஒட்டிய தாள் கிழிந்தாலும், அதனருகே பொறித்த எண்ணைக் கொண்டு பதிவை அடையாளம் காண்கின்றனர் சேகரிப்பாளர்கள்.

வெளியாகும் ஒவ்வொரு நூலையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என 1954-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1956-இல் செய்தித்தாள்களும் சேர்க்கப்பட்டன. இசைத்தட்டு சேர்க்கப்படவில்லை.

ஒலிப்பதிவுக்கான காப்புரிமை 60 ஆண்டுகளில் முடிகிறது. எனவே மிகப் பழைய பதிவுகளைப் பொதுக் காப்பகத்தில் சேர்க்க அந்த உரிமை தடையாகாது. சேகரிப்பாளர் மறைந்தால் அவரது தட்டுகள் மீண்டும் பழைய பொருள் கடைக்கே போகக்கூடும். அச்செழுத்துக்கு அளித்த பாதுகாப்பைக் குரலுக்கும் அளிப்பது நாடாளுமன்றத்தின் கடமை.