பரிமாறுவோரின் உடை

உணவகச் சீருடையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் அதனை அணிபவர் அல்லர். உரிமையாளர் தேர்ந்தெடுக்கிறார், வாடிக்கையாளர் பார்க்கிறார், அணிந்து உழைப்பவர் மூன்றாமவர். பார்வைக்கு அழகாக அமைந்த ஓர் உடை, அதனை நாள் முழுதும் அணிந்திருப்பவரின் உடலுக்கு எவ்வாறு அமைகிறது என்னும் வினா பல இடங்களில் எழுவதே இல்லை. அவ்வினாவிலிருந்து தொடங்கும்போதுதான் துணி, நிறம், தையல், காலணி ஆகிய அனைத்திற்கும் சரியான விடை கிடைக்கிறது.

துணியும் தையலும்

மக்கள் வழக்கில் 'சர்வர்' எனப்படும் பரிமாறுநரின் அசைவுகளை உற்று நோக்கினால் உடையின் தேவை விளங்கும். அவர் மேசையின் மறுகோடிக்குக் கையை நீட்டுகிறார். குனிந்து இலையில் பரிமாறுகிறார். அடுக்கிய தட்டுகளைத் தோளளவு உயர்த்திக் கூட்டத்தின் நடுவே நடக்கிறார். அக்குளில் இறுகும் சட்டை இவ்வசைவுகளைத் தடுக்கும். அகன்ற முழுக்கை, சாம்பார் வாளியில் தோயும். ஆதலால் தோளில் சற்றே தளர்ந்த அரைக்கைச் சட்டையே இப்பணிக்கு ஏற்றது.

துணியைப் பொறுத்தவரை, பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. வழக்கமான ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும்; பாலியெஸ்டரோ அரை விழுக்காட்டிற்கும் குறைவாகவே ஏற்கும். சித்திரை வெயிலில் அடுக்களைக்கும் கூடத்திற்கும் இடையே நடப்பவரின் வியர்வையை எத்துணி ஏற்கும் என்பதற்கு இதுவே விடை. ஆயினும் பருத்தி எளிதில் கசங்கும். மழைக்காலத்தில் உலர நேரமாகும். இரண்டே சீருடை வைத்திருப்பவருக்கு இது சிறிய இடர்ப்பாடு அன்று. எனவேதான் 65 விழுக்காடு பாலியெஸ்டரும் 35 விழுக்காடு பருத்தியும் கலந்த துணி பணிச் சீருடைகளில் பெரிதும் வழக்கத்தில் உள்ளது. அடுப்பருகே நிற்போர்க்கு இக்கலப்பும் உகந்ததன்று. தீப்பட்டால் பருத்தி எரியும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளை நிறம் தூய்மையைக் காட்டும் என்பர். அது கறையையும் காட்டும். மஞ்சள்தூள் கலந்த குழம்பின் கறை சோப்பு பட்டவுடன் சிவந்து அச்சுறுத்தும். நல்ல வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். கறுப்பு நிறம் கறையை மறைப்பதால் அதனை விரும்புவோர் உளர். மறைவது கறைதானே அன்றி அழுக்கு அன்று. ஆதலால் கறுப்பு உடையையும் நாள்தோறும் துவைத்தாக வேண்டும்.

இடுப்பில் கட்டும் ஏப்ரன் சட்டையைக் காப்பதற்கு மட்டுமன்று. கொதிக்கும் திரவம் கொட்டினால் நனைந்த துணி சூட்டைப் பிடித்து வைத்துத் தோலை மேலும் சுடும். ஓர் இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாகக் கட்டியிருந்தால் ஏப்ரனை உடனே களைந்துவிடலாம். குறிப்பேடு, எழுதுகோல், குப்பித் திறப்பான் ஆகியவற்றிற்கு அதில் பை இருத்தல் நலம். பெண்களுக்கான சீருடைகளில் பை வைக்க மறந்துவிடும் தையற்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காலணியும் சட்டமும்

உடையின் பிற பகுதிகளைவிடக் காலணியே பணியாளரின் உடல்நலத்தை மிகுதியும் தீர்மானிக்கிறது. எண்ணெயும் நீரும் சிந்திய தரையில் வழுக்காத அடிப்பாகம், விரல்களை மூடிய முன்பகுதி, தாழ்ந்த குதிகால் ஆகியவை இன்றியமையாதவை. குதிகால் உயர உயர உடலின் எடை பாதத்தின் முன்பகுதிக்குத் தள்ளப்படுகிறது. விரல்கள் நெரிபடுகின்றன, கணுக்கால் பிசகும் வாய்ப்பு மிகுகிறது.

இவை தெரிந்திருந்தும், கனடா நாட்டின் பல மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் பெண் பரிமாறுநர்கள் உயர்குதிகால் காலணி அணியுமாறு வற்புறுத்தப்பட்டனர். ஆண்களோ தட்டையான காலணியில் நடந்தனர். 2016ஆம் ஆண்டு அந்நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், பணி முடித்த ஒரு பெண்ணின் குருதி தோய்ந்த பாதங்களைக் காட்டும் ஒளிப்படம் இணையத்தில் பரவிப் பலரையும் அதிரச் செய்தது. அதே ஆண்டில் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம், பெண்களைக் காட்சிப்பொருளாக்கும் உடைவிதிகள் உரிமை மீறலாகக்கூடும் என அறிவித்தது. 2017 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், பணியாளர் பாதுகாப்பாக வேலை செய்ய இடந்தராத காலணியை முதலாளிகள் வற்புறுத்தக் கூடாது என விதி வகுத்தது. அவ்வாண்டிலேயே பிலிப்பைன்சு அரசும், நின்று பணிபுரியும் பெண்கள் ஓர் அங்குலத்திற்கு மேற்பட்ட குதிகாலை அணியக் கட்டாயப்படுத்தப்படலாகாது என ஆணையிட்டது.

நல்ல காலணியும் ஓயாமல் நிற்கும் கால்களை முற்றிலும் காத்துவிடாது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட கடைகள், நிறுவனங்கள் சட்டத்திருத்தம், பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை வசதி அளிக்கப்பட வேண்டும் என்கிறது. நாள் முழுதும் நின்றே பணிபுரியும் நிலை மாற வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

முடிவு செய்வது யார்?

இந்தியன் காபி ஹவுஸ் கிளைகள் பலவற்றில் விசிறி மடிப்புத் தலைப்பாகையுடன் பரிமாறுவோரைக் காணலாம். அது ஆங்கிலேயர் ஆட்சிக்காலப் பணியாளர் உடையின் எச்சம். 1950களின் பிற்பகுதியில் வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ.கே. கோபாலன் போன்றோரின் முயற்சியால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் காபி ஹவுஸ்களைத் தாமே நடத்தத் தொடங்கினர். உரிமை கைமாறியது, தலைப்பாகை நீடித்தது. ஆளுவோரின் பகட்டுக்காகச் சூட்டப்பட்ட ஒன்று, தொழிலாளர்களே உரிமையாளர்களான நிறுவனத்தின் அடையாளமாயிற்று. உடை அவ்வளவாக மாறாமலே அதன் பொருள் மாறியதற்கு இஃது அரிய சான்றாகும்.

எல்லா உணவகமும் கூட்டுறவு ஆகிவிடாது. எனினும் அணிபவரின் கருத்தைக் கேட்பதற்கு அது தடையன்று. செலவைப் பற்றியும் முன்னரே பேசித் தெளிதல் வேண்டும். சீருடையின் விலையை ஊதியத்தில் பிடித்துக்கொண்டு, துவைப்பதையும் பணியாளரிடமே விட்டுவிட்டால், குறைந்த ஊதியம் மேலும் குறையும். ஆளுக்கு மூன்று இணையாவது இருந்தால்தான் ஒன்றை அணிந்து, ஒன்றைத் துவைத்து, ஒன்றை மாற்றுக்கு வைத்துக்கொள்ள இயலும்.

மொத்தமாகத் துணி வாங்குவதற்கு முன், ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் மாதிரி உடையை ஒரு வாரம் அணிந்து பணிபுரிந்து பார்க்கலாம். முதல் நாளில் அது எவ்வாறு தோன்றுகிறது என்பதைவிட, ஏழாம் நாள் துவைத்துக் காய்ந்தபின் தோளில் எங்கே பிடிக்கிறது, மடிப்பு எங்கே உரசுகிறது, பை எங்கே கிழிகிறது என அவ்விருவர் சொல்வதைத் தையற்காரர் குறித்துக்கொள்ள வேண்டும்.