ஐலேஷ் எக்ஸ்டென்ஷன்: ரெண்டே நாளில் உதிர்வதும், கண் எரிவதும் ஏன்? பசை விஷயத்தில் கவனிக்க வேண்டியவை

கல்யாண சீசன் வந்தாலே பார்லர்களில் ஐலேஷ் எக்ஸ்டென்ஷனுக்கு கூட்டம் கூடிவிடுகிறது. ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்து, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஒட்டிக்கொண்டு வந்தால், சிலருக்கு மறுநாளே தலையணையில் முடி கிடக்கிறது. சிலருக்கு முடி உறுதியாக நிற்கிறது, ஆனால் இமை வீங்கி கண் திறக்க முடியவில்லை. முடி தரமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் முடி அல்ல, பசை.

அந்தப் பசையில் என்ன இருக்கிறது?

எக்ஸ்டென்ஷன் பசையின் முக்கியப் பொருள் சயனோஅக்ரிலேட். உடைந்த பொம்மையை ஒட்ட கடையில் வாங்கும் ஃபெவிக்விக் இருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான். அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் கோடக் நிறுவன விஞ்ஞானி ஹாரி கூவர் 1942-ல் துப்பாக்கி குறிபார்க்கும் கருவிக்கு பிளாஸ்டிக் தேடும்போது இதைக் கண்டார். தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது.

ஒரே குடும்பம் என்பதற்காக வீட்டில் இருக்கும் பசையையோ, நகத்துக்கான பசையையோ இமைக்குப் பயன்படுத்தவே கூடாது. அதேபோல, ஒரு நாள் மேக்கப்புக்கு ஒட்டும் பட்டை இமை முடியின் பசை வேறு, எக்ஸ்டென்ஷன் பசை வேறு. மாற்றிப் போட்டால் ஒன்று நிற்காது, இன்னொன்று தோலைப் பிடித்துக்கொள்ளும்.

காய்வதற்கு காற்றின் ஈரம்தான் வேண்டும்

பெயின்ட் போல இது உலர்ந்து காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரப்பதம் பட்டதும் வேதிவினை நடந்து இறுகுகிறது. பிரச்னையின் ஆரம்பமே இங்கேதான்.

ஈரப்பதம் அதிகமாக இருந்தால், முடியை பசையில் தொட்டு இமைக்குக் கொண்டு போவதற்குள்ளேயே மேல்பகுதி இறுகிவிடும். ஒட்டியது போலத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. ரெண்டு நாளில் உதிரும். ஈரப்பதம் குறைவாக இருந்தால், பசை மெதுவாக இறுகும். அதுவரை ஆவி வந்துகொண்டே இருக்கும், கண் எரியும். பக்கத்து முடிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பல பசைகளுக்கு 45 முதல் 60 சதவீத ஈரப்பதமும், 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஏற்றது என்பார்கள். சென்னையில் காலை நேர ஈரப்பதம் சாதாரணமாகவே 70 சதவீதத்தைத் தாண்டும், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் ஏ.சி. இல்லாத, கதவு திறந்து கிடக்கும் அறையில் எவ்வளவு விலை உயர்ந்த பசையும் சொதப்பும். நல்ல பார்லரில் சுவரில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள், தப்பே இல்லை.

ஒட்டுபவர் பக்கம் நடக்கும் தவறுகள்

* எண்ணெய், மை, மேக்கப்: இமை முடியில் கொஞ்சம் கண்மை மிச்சம் இருந்தாலும் பசை முடியில் பிடிக்காது, அந்த அழுக்கின் மேல்தான் பிடிக்கும். அன்று கண்மை, மஸ்காரா இல்லாமல் போவது நல்லது. தலைக்கு எண்ணெய் வைப்பதையும் தள்ளிப்போடுங்கள்.
* அதிகப் பசை: நிறைய வைத்தால் நன்றாக நிற்கும் என்பது தப்பு. வெளிப்பக்கம் மட்டும் இறுகி, உள்ளே இறுகாமல் கிடக்கும். முடியும் கனமாகி இயற்கை இமை முடியை இழுக்கும்.
* தோலில் ஒட்டுவது: முடி இமைத் தோலைத் தொடக் கூடாது. அரை முதல் 1 மில்லிமீட்டர் தள்ளித்தான் ஒட்ட வேண்டும். பல தொந்தரவுகள் இந்த இடைவெளி இல்லாததால் வருபவை.
* பழைய பாட்டில்: திறந்த பாட்டிலுக்குள் காற்றின் ஈரம் புகுந்து பசை கெட்டியாகும். திறந்து ஒன்று, இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால், உள்ளே நீர் கோர்த்து இன்னும் சீக்கிரம் கெடும்.
* ஒரே சொட்டு: கல்லில் ஊற்றிய சொட்டை 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

எரிச்சலா, அலர்ஜியா?

ரெண்டும் ஒன்றல்ல. ஒட்டும்போதே, அல்லது முடிந்த உடனே கண்ணின் வெள்ளைப் பகுதி சிவந்து நீர் வடிந்தால், அது பெரும்பாலும் ஆவியால் வந்த எரிச்சல். ஒட்டும்போது கண் லேசாகத் திறந்திருந்தாலும் இப்படி ஆகும். ஒரு நாளில் தணிந்துவிடும்.

சில மணி நேரமோ, ஒன்றிரண்டு நாளோ கழித்து ரெண்டு இமையும் வீங்கி, கடுமையாக அரித்தால் அலர்ஜியாக இருக்கலாம். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. பல தடவை ஒட்டிய பிறகும் அலர்ஜி புதிதாக வரும். வந்தபின் மறுபடி மறுபடி ஒட்டினால் அடுத்த தடவை இன்னும் மோசமாகலாம். 'சென்சிட்டிவ்' என்று போட்டிருக்கும் பசையில் ஆவி குறைவு, அவ்வளவுதான். அதிலும் பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகைதான் இருக்கும்.

முன்னாடியே என்ன செய்யலாம்?

பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். கண்ணின் ஓரத்தில் சில முடிகளை மட்டும் ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் பார்ப்பதுதான் அது. இதில் ஒன்றும் வரவில்லை என்றால் முழு உத்தரவாதம் இல்லை, ஆனால் பெரிய ஆபத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். முக்கியமாக, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முதல் தடவை ட்ரை பண்ணாதீர்கள். சில வாரங்கள் முன்பே சோதித்துவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கண்ணில் தொற்று, கட்டி, சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒட்டிய பிறகு, பசை தயாரிப்பாளர் சொல்லும் நேரம் வரை, பெரும்பாலும் 24 மணி நேரம், தண்ணீரும் நீராவியும் படக் கூடாது. பிறகு எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவரைத் தவிருங்கள். ஆனால் கழுவாமலே விடவும் கூடாது, அழுக்கு சேர்ந்தால் இமை ஓரத்தில் தொற்று வரும். தினமும் சில முடி உதிர்வது இயல்பு. இயற்கை முடி விழும்போது அதோடு ஒட்டியதும் விழும்.

தவறு நடந்துவிட்டால்?

* பசை கண்ணுக்குள் போனால், உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருங்கள். பிறகு தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போங்கள்.
* இமைகள் ஒட்டிக்கொண்டால் பிரித்து இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியை மேலே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* நெயில் பாலிஷ் ரிமூவரை கண் பக்கமே கொண்டு போகக் கூடாது.
* அலர்ஜி என்றால், வீட்டில் பிய்க்காமல், பயிற்சி பெற்றவரிடம் ரிமூவர் க்ரீம் போட்டு எடுத்துவிடுங்கள். பசை இருக்கும் வரை வீக்கம் முழுதாக அடங்காது.
* பார்வை மங்கல், வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம் இருந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.